தாதியின் பெற்றோல் காசு

எங்கள் சங்கம் சின்னது. சுவிஸில் ஓல்டனிலும் சோலோதுர்னிலும் இருக்கும் சில தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து, போரில் முள்ளந்தண்டில் காயப்பட்டு வன்னியில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்காகத் தொடங்கியது. காசு கேட்டுப் போன வீடெல்லாம் ஒரே கேள்விதான். "நாங்கள் தாறது முழுக்க அங்கை போய்ச் சேருமோ?" கேட்டதில் பிழையில்லை. முன்பு யார் யாரோ வந்து வாங்கிப்போன காசுக்கு இன்றுவரை கணக்குக் கிடையாது.

அதனால் கைகொடுக்க ஒரு நிறுவனம் கிடைத்தபோது தலைகால் தெரியாமல் துள்ளினோம். ஓல்டனுக்கு வெளியே பெரிய களஞ்சியம் வைத்துப் பொதி அனுப்புகிறவர்கள். எங்கள் ஆட்கள் பலருக்கு அங்கேதான் வேலை. அதன் முதலாளி நல்ல மனிதர். சங்கத்தின் நிர்வாகச் செலவு முழுவதும் தன் பொறுப்பு என்றார். உடனே துண்டுப்பிரசுரம் அடித்தோம்: 'உங்கள் ஒவ்வொரு பிராங்கும் அவர்களுக்கே.'

நிர்வாகச் செலவு என்றால் வங்கிக் கட்டணம், முத்திரை, அச்சுக்கூலி என்று சனம் நினைத்திருக்கும். உண்மையில் அதில் பெரும்பங்கு ஒரு தாதி. அவளுடைய சம்பளமும், மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோலும். குண்டும் குழியுமான ஒழுங்கைகளில் வீடு வீடாகப் போய்ப் புண் கழுவி, மருந்து கட்டி, ஆளைப் புரட்டிப் படுக்க வைக்கிறவள் அவள். அவளைத்தான் நாங்கள் 'நிர்வாகம்' என்ற தலைப்புக்குள் தள்ளி வைத்திருந்தோம். கொடுப்பவர்களின் காசு சுத்தமாகத் தெரியவேண்டும் அல்லவா.

சனம் அள்ளிக் கொடுத்தது. பிள்ளையின் பிறந்தநாளுக்குச் சக்கர நாற்காலி, தகப்பனின் திவசத்துக்குக் காற்று மெத்தை. படம் வரும், பேஸ்புக்கில் போடுவார்கள். நான் ஓல்டனில் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்கிறவள். எவ்வளவு நல்ல மெத்தையானாலும் ஆளைப் புரட்டாவிட்டால் புண் வரும் என்பது எனக்குத் தெரியும். தாதி இருந்ததால் நான் கவலைப்படவில்லை.

பிறகு முதலாளி நிறுவனத்தை விற்றுவிட்டு ஓய்வெடுத்துக்கொண்டார். புதியவர்கள் எங்களைக் கூப்பிட்டுக் கோப்பி தந்தார்கள். பொறுப்பான பெண்மணி ஜெர்மனில் மிகப் பணிவாகச் சொன்னார்: நிர்வாகத்துக்குக் கொடுப்பது எங்கள் கொள்கையில் இல்லை, சக்கர நாற்காலி என்றால் தரலாம், அதன் பின்பக்கம் எங்கள் நிறுவனத்தின் சின்னம் இருக்கவேண்டும். தாதியைப் பற்றி விளக்கினேன். தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, நாற்காலி எத்தனை வேண்டும் என்றார்.

சங்கக் கூட்டத்தில் விஷயத்தைச் சொன்னோம். தாயின் திவசத்துக்கு வருஷம் தவறாமல் மெத்தை கொடுக்கும் ஓர் அண்ணை எழும்பினார்.

"முழுக்கச் சனத்துக்கெண்டு எழுதினது நீங்கள்தானே?"

"ஓம் அண்ணை. ஆனா தாதி இல்லாட்டி மெத்தை என்னத்துக்கு?"

"அதுக்கு வேறை ஆரையும் பாருங்கோ பிள்ளை. அம்மான்ரை திவசத்துக்கு நான் பெற்றோலோ அடிக்கிறது?"

மண்டபமே சிரித்தது. அவரைக் குறை சொல்லவும் முடியாது. அந்த வாக்குறுதியைப் பெருமையோடு அச்சடித்தவர்கள் நாங்கள்தான்.

சிலர் கைக்காசு போட்டுக் கொஞ்சக் காலம் சமாளித்தோம். ஒருவருக்கு வேலை போனது, இன்னொருவர் வீடு வாங்கினார், தனியாக என்னால் முடியவில்லை. தாதி தொலைபேசியில், "குறை நினையாதேங்கோ அக்கா, எனக்கும் பிள்ளையள் இருக்கு" என்று அழுதாள். யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள்.

வன்னியில் அவள் பார்த்துவந்தவர்களில் ஒருவருக்கு என் வயது. தாய் மட்டும்தான் துணை. மெலிந்த மனுஷி. வேலை இடைவேளையில் வீடியோவில் அழைத்து, கட்டிலில் நீட்டுத் தலையணையை வைத்துப் புரட்டிக் காட்டுவேன். "விளங்குது பிள்ளை, என்னாலை ஏலாமக் கிடக்கு" என்பார். பிறகு வார்டுக்குப் போய், என் கை குளிர்கிறது என்று முறையிடும் சுவிஸ் கிழவரைப் புரட்டுவேன். அங்கே மகனின் முதுகில் புண் எலும்புவரை போனது. கிருமி இரத்தத்தில் கலந்து அவர் செத்துப்போனார். சங்கக் கணக்கில் அப்போதும் மெத்தைக் காசு நிறையக் கிடந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தபின் தாய் என்னை அழைத்தார். குரல் கலங்கவில்லை.

"பிள்ளை, நீங்கள் தந்த மெத்தை சும்மா கிடக்கு. நல்லாக் கழுவிக் காயவிட்டு வைச்சிருக்கிறன். அங்காலை ஒரு பெடியன் என்ரை மோன் மாதிரித்தான் படுக்கையிலை கிடக்கிறானாம். அவனுக்கு எண்டாலும் உதவட்டும். எடுத்துக்கொண்டுபோய்க் குடுக்க ஆள் வருமோ?"

"ஓம் அம்மா, வரும்" என்றேன்.

அனுப்ப யாரும் இல்லை. அந்தத் தாய் வாசல் கேற்றைப் பூட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.