நாரைச் சாமியாரிடம் செய்த பாவசங்கீர்த்தனம்

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலம் தொடங்கியதும் எங்கள் வீட்டில் சீட்டுக்கட்டும் தாயக்கட்டையும் அலமாரிக்குள் போய்விடும். அம்மா பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள். கறி கிடையாது, சினிமா கிடையாது, ரேடியோவில் பாட்டு கிடையாது. எழுபதுகளின் கடைசியில் ஒரு தபசு காலத்தில் என் அண்ணன் கப்பலிலிருந்து லீவில் வந்தான். அவன் கொண்டுவந்த பகடையை மட்டும் அம்மா பூட்டவில்லை. அதற்குக் காரணம் ஒரு மடம்.

அண்ணன் வெளிநாட்டுக் கப்பலில் இஞ்சின் ரூமில் வேலை பார்த்தான். கூட வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரன் அவனுக்கு ஒரு விளையாட்டைச் சொல்லிக் கொடுத்திருந்தான். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆட்களாக இருந்துகொண்டு, நான் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். நினைத்தது நடக்குமா என்பதைப் பகடை சொல்லும். நாவல் பழம் அளவில், இருபது முகம் வைத்த பகடை. அப்படி ஒன்றை எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை.

அம்மா பார்த்தவுடன் கத்தினாள். "தபசு காலத்துல சூதாட்டமா? வெளிய எறிலே அத."

"சூதாட்டம் இல்லம்மா. துட்டு வச்சு ஆடுதது இல்ல. இது ஒரு மடத்துக் கதை. சாமியாருங்க கதை."

"எந்தச் சபைச் சாமியாரு?"

"மலை உச்சில இருக்காங்க. ரொம்பக் கடுமையான சபை."

"செபம் வருமா?"

"வரும், வரும்."

"அப்ப ஆடுங்க. சத்தம் போடாதீங்க."

அதுவரை அவன் கதையில் மடமே கிடையாது. அம்மாவைச் சமாளிக்க அந்த இடத்திலேயே கட்டினான். அதில் இருந்த சாமியார்கள் எல்லோரும் பறவைகள் என்பதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

எனக்கு மடம் என்ற சொல்லே பிடிக்காது. நான் அம்மாவின் வயிற்றில் இருந்தபோது அப்பா தண்டலாக, அதாவது தலைமை மாலுமியாகப் போன தோணி கொழும்பிலிருந்து திரும்பவில்லை. புயல். கூடப் போன தோணிகள் கரைக்கு வந்துவிட்டன. அம்மா மாதா கோயிலில் முழங்கால் போட்டு, புருசன் திரும்பி வந்தால் வயிற்றில் இருக்கிற பிள்ளை பெண்ணாகப் பிறக்கிற பட்சத்தில் கன்னியர் மடத்துக்குக் கொடுக்கிறேன் என்று நேர்ந்துகொண்டாள். அப்பா வந்தார். கிழக்கேயிருந்து அடித்த கொண்டல் காற்று கரைக்குத் தள்ளியது என்று அவர் சொல்வார். நான் பெண்ணாகப் பிறந்தேன். நேர்ச்சைக்கு விட்ட ஆட்டை யாரும் அடிக்க மாட்டார்கள், விற்க மாட்டார்கள், நன்றாகத் தீனி போடுவார்கள். என்னையும் அப்படித்தான் வளர்த்தார்கள்.

அந்த வருஷம் பாஸ்கு என்கிற ஈஸ்டர் முடிந்ததும் மடத்திலிருந்து பெரிய மதர் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போவதாகப் பேச்சு முடிந்திருந்தது. நானோ பீச் ரோட்டில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. போக மாட்டேன் என்று அம்மாவிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "நீ பேசல, ஓங்கிட்ட இருந்து சாத்தான் பேசுதான்" என்பாள். சாத்தானோடு யார் வாதாடுவது? அப்பா வீட்டு விஷயத்தில் வாயே திறக்க மாட்டார். திறந்தால் அது மூத்த மகன் சொல்லித்தான் இருக்கும். ஆகவே எனக்கு அண்ணன் வேண்டும். அவனோ என்னைப் பார்த்ததும் பேச்சை மாற்றினான்.

விளையாடியது மூன்று பேர். அண்ணன் கதை சொல்லுகிறவன். மாமா மகன், எனக்கு மச்சான் முறை, புது ஹார்பரில் மூட்டை எண்ணுகிற வேலை. அப்புறம் நான். சாயங்காலம் மாடி அறையில் உட்காருவோம்.

கதைப்படி கடலிலிருந்து நெட்டுக்குத்தாக ஒரு பாறை. எங்கள் ஊர் தட்டை. உப்பு அம்பாரமும் கலங்கரை விளக்கமும்தான் உயரம்.

"மணப்பாட்டு மேடு மாதிரியா?" என்றான் மச்சான்.

"அது மாதிரி இருபது மேட்ட ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கு. அப்பவும் பத்தாது."

பாறை முகத்தில் பொந்து பொந்தாக அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு துறவி. உடம்பு மனுஷ உடம்பு, தலையும் சிறகும் பறவை. கடற்காகம் உண்டு, ஆலா உண்டு, நீர்க்காகம் சமையல் வேலை பார்த்தது. விடியும்போது எல்லோரும் காற்றைப் பார்த்து நின்று செபிப்பார்கள். மடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் பறந்து வரக் கூடாது, பாறையில் ஏறித்தான் வர வேண்டும். வந்த பிறகு தலைவர் அனுமதி இல்லாமல் சிறகை விரிக்கக் கூடாது. தலைவர் ஒரு கிழ நாரை. ஒரு முத்தை அவர்கள் காவல் காத்தார்கள்.

"முத்தக் காவல் காப்பாங்களா? கீழக்கரையில கொண்டு வித்துட்டு மடத்துக்கு ஓடு மாத்தலாம்லா?" என்றான் மச்சான். அவன் திருடனாக விளையாடினான். முத்தை எடுப்பது அவன் வேலை.

"நீ யாரா இருக்க? மந்திரக்காரியா? வாள் வச்சிருக்கவளா?" என்று அண்ணன் என்னைக் கேட்டான்.

"நான் அந்த மடத்துல ஒரு பறவை. ஆலா. என் அம்மா என்னைக் குஞ்சுல கொண்டாந்து விட்டுட்டா."

அண்ணன் முகம் மாறியது. "அப்படி ஒரு ஆள் இதுல கிடையாது" என்றான்.

"மடமே கிடையாதுன்னு வச்சிருந்த. இப்ப கட்டலியா? என்னையும் சேத்துக் கட்டு."

கொஞ்ச நாள் ஆடினோம். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. மச்சான் பாறையில் வழுக்கி வழுக்கி விழுந்தான். பகடை அவனுக்குச் சரிவரவே இல்லை. "ஹார்பர்லயும் விழுதேன், இங்கனயும் விழுதேன்" என்பான். அந்த மடத்தின் காற்றையும் உயரத்தையும் அண்ணன் சொன்ன விதத்தில், அடுத்த நாள் ஆபீசில் டைப் அடிக்கும்போது எனக்குக் கால் கூசியது.

பாஸ்குக்கு ஒரு வாரம்தான் இருந்தது. குருத்து ஞாயிறுக்கு முந்தின சாயங்காலம், என் ஆலா மடத்தை விட்டுப் போக அனுமதி கேட்கப் போகிறது என்று சொன்னேன்.

"யாருகிட்ட கேக்க?" என்றான் அண்ணன்.

"தலைவர்கிட்ட."

மச்சான் குறுக்கே விழுந்தான். "ஏளா, பாவசங்கீர்த்தனம் செய்யாம எப்படித் தலைவர் முன்னால போவ? தபசு காலம்லா?"

இப்போது நினைத்தால் பைத்தியக்காரத்தனம். நாரைக்கு ஏது தபசு காலம்? ஆனால் மூன்று பேருக்கும் அது சரி என்றே பட்டது. மடம் என்றால் சாமியார், சாமியார் என்றால் பாவசங்கீர்த்தனம், முழங்கால் போட்டு அவர் காதில் பாவங்களைச் சொல்வது. அண்ணன் நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். கொடியில் கிடந்த துண்டை எடுத்துச் சாமியார் மாதிரித் தோளில் போட்டுக்கொண்டான். கையால் முகத்தை மறைத்துக்கொண்டு காதைக் கொடுத்தான். நான் முழங்கால் போட்டேன். மச்சான் கேட்கக் கூடாது என்று தானாகவே எழுந்து வெளியே போனான்.

நான் சொன்னேன். என் அம்மா என்னைக் கேட்காமல் என்னை நேர்ந்துவிட்டாள். எனக்கு மடத்துக்குப் போக இஷ்டமில்லை. எனக்குக் கடவுள் மேல் கோபம் இல்லை, மனுஷர்கள் மேல்தான் கோபம். ஆபீசில் எனக்கென்று ஒரு மேசை இருக்கிறது, டைப் மிஷின் இருக்கிறது, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். பாஸ்கு முடிந்து வந்து கூப்பிட்டால் மதர் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லி அவர்களையும் என்னையும் அசிங்கப்படுத்துவேன். அதற்கு முன்னால் என் அண்ணன் அப்பாவிடம் பேச வேண்டும்.

ஆலாவுக்கு ஏது டைப் மிஷின்? அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. பகடையை எடுத்தான். உருட்டவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கிப் போனான்.

மறுநாள் கோயிலிலிருந்து குருத்தோலையோடு வந்து சாப்பிட உட்கார்ந்தோம். அதிசயமாக அப்பாவே கேட்டார். "ஏலே, தங்கச்சி மனசுல என்ன இருக்கு? ஓங்கிட்டதான உக்காந்து உக்காந்து பேசுதா."

நான் சோற்றைப் பிசைவதை விட்டுவிட்டு அண்ணனைப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியாதுப்பா" என்றான் அண்ணன்.

அப்பா தலையை ஆட்டிவிட்டு ரசம் ஊற்றச் சொன்னார். முடிந்தது. நான் கையைக் கழுவிவிட்டு அவனைக் கொல்லைப்புறத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"ஏன் பொய் சொன்ன?"

"பொய் இல்ல. பாவசங்கீர்த்தனத்துல கேட்டத வெளிய சொல்லக் கூடாது."

"நீ என்ன சாமியாரா? கப்பல்ல எண்ணெ தொடைக்கவன்."

"நீ முழங்கால் போட்டுட்டல்லா. சிலுவை போட்டுத்தான ஆரம்பிச்ச? நான் காதக் குடுத்துட்டேன். இனி எப்படிச் சொல்ல?"

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே பயந்திருந்தான். நடுக்கடலில் வேலை பார்க்கிறவனுக்கு அந்தப் பயம் எப்போதும் உண்டு. எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த செம்பை அவன் மேல் எறிந்தேன். தோளில் பட்டது. பிறகு அவன் கையைப் பிடித்துப் பங்குச் சாமியாரின் பங்களாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

சாமியார் அப்போதுதான் இரண்டாவது பூசையும் முடித்துக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் முதலிலிருந்து சொன்னான். பாறை, பொந்து, நாரை எல்லாம்.

"அந்த நாரை ஞானஸ்நானம் வாங்கினதா?" என்றார் சாமியார்.

"தெரியல சாமி."

"குருப்பட்டம்?"

"அத நான் யோசிக்கல."

"துண்டு யாருடையது?"

"அப்பா துண்டு, சாமி."

அவர் கோப்பையை வைத்துவிட்டு இரண்டு பேரையும் கிழித்துத் தொங்கவிட்டார். பாவசங்கீர்த்தனம் விளையாட்டுச் சாமானா என்றார். ஆளுக்கு ஒரு ஐம்பத்துமூன்று மணிச் செபமாலை சொல்லச் சொன்னார். பிறகு அண்ணனிடம், "நீ குரு இல்ல. நீ கேட்டதுக்குப் பூட்டு இல்ல. என்ன சொன்னா?" என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்தான். "சொல்லு" என்றேன். சொன்னான். ஒரு வார்த்தை விடவில்லை, டைப் மிஷின் உட்பட. சொல்லிவிட்டுச் சட்டை நுனியால் கண்ணைத் துடைத்தான். அதைப் பார்த்து எனக்கு இரக்கம் ஒன்றும் வரவில்லை.

அன்று சாயங்காலமே சாமியார் அம்மாவையும் அப்பாவையும் கூப்பிட்டனுப்பினார். அப்பா முன்னிலையில் அண்ணன் இன்னொரு தடவை எல்லாவற்றையும் சொன்னான். அம்மா, "மாதாவுக்குக் குடுத்த வாக்க மீறினா இவர் கடலுக்குப் போக முடியுமா சாமி?" என்று கேட்டாள். அவள் கேட்டது அது ஒன்றைத்தான். அவளைக் குத்தம் சொல்லவும் எனக்கு அப்போது வாய் வரவில்லை.

"ஒன்னை நீ நேரலாம். அவளை நேர ஒனக்கு உரிமை கிடையாது" என்றார் சாமியார். நேர்ச்சையை மாற்றிக் கொடுத்தார். பாஸ்கு முடிந்து கோயிலில் ஏழைகளுக்கு அசனம், விருந்துச் சாப்பாடு, போட வேண்டும். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "கொண்டல் காத்துதான் தள்ளிச்சுன்னு நான் அப்பவே சொன்னேன்" என்றார். மதருக்குச் சாமியாரே சொல்லி அனுப்பினார்.

ஊர் சும்மா இருக்கவில்லை. மச்சானைக் கட்டிக்கொள்ளத்தான் மடத்துக்குப் போகவில்லை என்றது. மச்சான் அடுத்த வருஷம் பம்பாய்க்குப் போய் அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். நான் அந்த மேசையில்தான் இருந்தேன். கதையில் அந்த முத்து என்ன ஆனது என்று மச்சான் பம்பாய்க்குப் போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தான். அண்ணன் அந்தக் கதையை மறுபடி எடுக்கவில்லை.

அசனத்தன்று அம்மா என்னோடு பேசவில்லை. பெரிய அண்டாக்களில் சோறும் கறிக்குழம்பும் வெந்தன. அப்பாவின் தோணி அதற்கு முந்தின நாள்தான் கொழும்புக்குப் புறப்பட்டிருந்தது. அம்மா நெருப்பைப் பார்த்தபடி உதட்டை அசைத்துச் செபம் சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்குப் பதிலாகப் போனது ஒரு கிடா. அதனிடம் யாராவது கேட்டிருந்தால் அதுவும் மாட்டேன் என்றுதான் சொல்லியிருக்கும். நான் பந்தியில் உட்கார்ந்து இரண்டு தடவை குழம்பு வாங்கிச் சாப்பிட்டேன்.