ஒரு வீடு தள்ளி

லத்தீன் மொழியில் ஒரே ஒரு வினைச்சொல் எனக்கு இன்றைக்கும் தலைகீழ்ப் பாடம். அழைக்கிறேன், அழைத்துக்கொண்டிருந்தேன், அழைப்பேன், அழைத்தேன், அழைத்திருந்தேன், அழைத்திருப்பேன் என்று அதன் ஆறு காலங்களையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். இதனால் எனக்கு நயா பைசா பிரயோசனம் இருந்ததில்லை. மதுரையில் யாரும் லத்தீனில் வழி கேட்பதில்லை. இருந்தாலும் பாத்திரம் தேய்க்கும்போது வாய் தானாக முணுமுணுக்கும். அம்மா மந்திரம் போடுகிறாள் என்று என் பிள்ளைகள் கேலி செய்வார்கள்.

இதையெல்லாம் நான் படித்துக் கற்கவில்லை, பரீட்சை வைத்துக் கற்றேன். அந்தப் பரீட்சையைக் கொடுத்தவர் என் மாமா, அம்மாவின் கடைசித் தம்பி. அப்போது அவர் சாமியாராவதற்காகக் குருமடத்தில் படித்துக்கொண்டிருந்தார். நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மே மாதம். கோச்சடையில் ஒரே சுவரை ஒட்டி ஆறு வீடுகள் உள்ள காம்பவுண்டில் எங்களுடையது மூன்றாவது வீடு. வைகையில் மணல்தான் ஓடியது.

மாமா குருமடத்துக்குப் போனது அவராகக் கேட்டுப் போனதல்ல. கைக்குழந்தையாக இருந்தபோது அவருக்கு ஒரு கடுமையான காய்ச்சல் வந்ததாம். டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்களாம். தாத்தா அந்தோணியார் கோயிலில் முழங்காலில் நின்று, பிள்ளை பிழைத்தால் அவனை ஆண்டவருக்கே கொடுத்துவிடுவதாக நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தது. அதிலிருந்து மாமா எங்கள் வீட்டில் நேர்ந்துவிட்ட கிடா மாதிரிதான் வளர்ந்தார். யாரும் அடிப்பதில்லை, வைவதில்லை, குழம்பில் நல்ல துண்டு முதலில் அவர் தட்டுக்குத்தான் போகும். பக்கத்துத் தெருவில் நிஜமாகவே ஒரு நேர்ந்துவிட்ட கிடா திரிந்தது. அது கடைசியில் எங்கே போகும் என்பது எனக்குத் தெரியும் என்பதால் இந்த ஒப்புமையை வீட்டில் சொல்லாமல் வைத்திருந்தேன்.

அந்த வருஷம் மாமா லத்தீனில் தேறவில்லை. மற்ற பாடங்களில் எல்லாம் நல்ல மார்க்கு, லத்தீனில் மட்டும் முட்டை. அதற்கு முந்தைய வருஷமும் அதே கதைதான். அவர்கள் குருமடத்தின் அதிபர் லத்தீன் விஷயத்தில் பழைய காலத்து மனிதர். அதில் தேறாதவனை மேல்வகுப்புக்கு அனுப்ப மாட்டார். இன்னொரு வருஷம் பார்க்கலாமா, அல்லது பையனை வீட்டோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று விசாரித்து எழுதும்படி எங்கள் பங்குச் சாமியாருக்குத் தகவல் வந்திருந்தது.

தாத்தா மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஓடும் தறிகளுக்கு நடுவில் பேசிப் பழகிய குரல், ரகசியம் சொன்னாலும் ஆறு வீட்டுக்கும் கேட்கும். அன்றைக்கு அவர் அம்மாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

"குடுக்குறேன்னு சொன்னதை நாம குடுக்கலேன்னா, அவரு குடுத்ததை அவரு திருப்பிக் கேப்பாருல்ல?"

அவர் எதை நினைத்துச் சொன்னாரோ. நான் புரிந்துகொண்டது இதுதான்: லத்தீனில் தேறாவிட்டால் அந்தக் காய்ச்சல் திரும்பி வரும், மாமா செத்துப்போவார். இதை யாரிடமும் கேட்டு உறுதி செய்துகொள்ளவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று அவ்வளவு பயம்.

அதனால்தான், தினமும் புத்தகத்தை வைத்துக்கொண்டு மாமாவைக் கேள்வி கேட்கும் வேலையைத் தாத்தா என்னிடம் கொடுத்தபோது நான் மறுபேச்சுப் பேசவில்லை. கும்பிடாத குறையாக வாங்கிக்கொண்டேன்.

அட்டை கிழிந்த இலக்கணப் புத்தகம் அது. எழுத்து இங்கிலீஷ் எழுத்துதான் என்பதால் என்னால் கூட்டிப் படிக்க முடிந்தது. நான் சரிபார்க்க வசதியாக ஓரத்தில் பென்சிலால் மாமாவே தமிழ் அர்த்தம் எழுதித் தந்திருந்தார். முதல் பக்கத்திலேயே காதலிக்கிறேன் என்ற வினைச்சொல் இருந்தது. குருமடத்தில் அதை அன்பு செய்கிறேன் என்றுதான் மொழிபெயர்க்க வேண்டுமாம். தாத்தா அதுவும் வேண்டாம் என்று நாலு பக்கம் தள்ளி ஆரம்பிக்கச் சொன்னார். அங்கே இருந்தது அழைக்கிறேன்.

மாமா புத்தகத்தைத் திரும்பியும் பார்க்க மாட்டார். காம்பவுண்டில் யார் வீட்டு மிக்ஸி நின்றாலும் எங்கள் வாசலுக்குத்தான் வரும். அவர் அதைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, ஸ்குரூவை வாயில் கவ்வியபடி உட்கார்ந்திருப்பார். நான் எதிரில் உட்கார்ந்து கத்துவேன்.

"வோக்காபாம்."

"அழைத்துக்கொண்டிருந்தேன்."

"வோக்காவெராம்."

"அழைத்திருந்தேன். அந்தச் சின்ன ஸ்பேனரை எடு."

ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. கேள்வி முடியுமுன் பதில் வந்துவிடும். இவ்வளவு தெரிந்தவர் எப்படி முட்டை வாங்கினார் என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். பரீட்சை ஹாலில் பயந்துவிடுகிறார் போலிருக்கிறது என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

போகப்போக எனக்கு அந்த மொழியே ருசிக்க ஆரம்பித்தது. ஒரே சொல்லுக்குள் யார் அழைத்தது, எப்போது அழைத்தது என்ற இரண்டும் அடங்கியிருந்தன. "அதுல என்ன அதிசயம்? நீ வந்தேன்னு சொன்னா, நான்னு தனியா சொல்லணுமா? நம்ம பேச்சும் அப்பிடித்தான்" என்றார் மாமா. பத்து வருஷமாக அந்தச் சாமர்த்தியத்தைச் செய்துகொண்டிருக்கிறேன் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்புறம் பல நாள் யார் பேசினாலும் நான் சொல்லின் வாலைத்தான் கவனித்தேன்.

ஆறு காலங்களை ஞாபகம் வைக்க எனக்கு ஒரு வழி இருந்தது. எங்கள் காம்பவுண்டின் ஆறு வீடுகளுக்கும் ஒவ்வொரு காலத்தைக் குடிவைத்தேன். முதல் வீடு அழைக்கிறேன், அதற்கு அடுத்தது அழைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது எங்கள் வீடு, அழைப்பேன். நாலாவது சௌராஷ்டிரக் குடும்பத்தின் வீடு, அழைத்தேன். அப்படியே போய்க் கடைசி வீடு அழைத்திருப்பேன். அந்தக் கடைசி வீடு மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. இனிமேல் வரப்போகிற ஒரு நாளில் நின்றுகொண்டு, அதற்குள் முடிந்துபோன காரியத்தைச் சொல்வது என்றார் மாமா. நான் விழித்தேன்.

"அடுத்த மே மாசம் இந்நேரம் நான் இதையெல்லாம் மறந்திருப்பேன். அந்த மாதிரி" என்றார்.

"மறந்தா பெயிலாயிருவ மாமா."

"ஆமால்ல" என்று சொல்லிவிட்டு மிக்ஸிக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

இன்னொரு சந்தேகமும் இருந்தது. வழக்கமாக முன்னொரு காலத்தில் நடந்துவந்த காரியத்துக்கும் லத்தீனில் இரண்டாவது வீட்டைத்தான் சொல்வார்களாம். "அப்பல்லாம் வைகையில தண்ணி ஓடும்" என்று தாத்தா அடிக்கடி சொல்வார். ஓடும் என்பது நாளைக்கு உரிய சொல். தண்ணீரோ என்றைக்கோ ஓடியது. தாத்தா தப்பாகப் பேசுகிறாரா என்று கேட்டேன். மாமா கை வேலையை நிறுத்திவிட்டு யோசித்தார். தாத்தாவும் சரி, புத்தகமும் சரி, இந்த வாக்கியத்தைப் பெயர்க்கத் தமிழில் ஓடும் என்பதுதான் வழி என்றார். "இதை எங்க லத்தீன் சாமிகூடச் சொன்னதில்ல" என்று என் தலையைத் தட்டினார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பங்குச் சாமியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாப்பிட வருவதாகச் சொல்லியிருந்தார். காலையில் மாமா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"சாமி வரும்போது அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கிட்டு வந்துறாத, என்ன?"

சரி என்று தலையாட்டினேன். தன் பெருமையைத் தானே காட்டிக்கொள்ளக் கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். உயிர் போகிற விஷயத்தில் கூச்சம் என்ன வேண்டிக்கிடக்கிறது?

சாமியார் வயதானவர், அதிகம் பேசாதவர். கறிக்குழம்பும் ரசமும் முடித்து மோருக்கு வந்தபோது அவரே பேச்சை எடுத்தார். "பையனுக்கு லத்தீன் வரலங்குறாங்க. கட்டாயப்படுத்திப் பிரயோசனமில்ல பாருங்க" என்று தாத்தாவிடம் மெதுவாகச் சொன்னார். தாத்தா கையைப் பிசைந்தார். அவர் குரல் அடங்கிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நான் உள்ளே ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தேன்.

"மாமாவுக்கு எல்லாம் வரும் சாமி. நான் கேக்குறேன், பாருங்க."

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். சாமியார் கேட்கட்டும் என்று சைகை செய்தார். மாமா சுவரோரம் நின்றிருந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, எனக்கு அவசரம்.

"வோக்காபோ" என்றேன். அழைப்பேன். எங்கள் வீடு.

மாமா தொண்டையைச் செருமினார். "அழைத்தேன்."

தப்பு. சாமியாரைப் பார்த்துப் பயந்துவிட்டார், வேறென்ன. அடுத்ததைக் கேட்டேன். "வோக்காவி." அழைத்தேன் என்று வர வேண்டும்.

"அழைத்திருந்தேன்."

"வோக்காவெராம்."

"அழைத்திருப்பேன்."

தாத்தா தலையைத் தொங்கப்போட்டார். எனக்கு அழுகை முட்டியது. ஆனால் அழுகைக்கு நடுவிலும் ஒன்றைக் கவனித்துவிட்டேன். கவனித்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற வாய் எனக்கு அன்றைக்கும் கிடையாது.

"சாமி, எல்லாத்துக்கும் ஒரு வீடு தள்ளித் தள்ளிச் சொல்றாரு!"

சாமியாருக்கு வீட்டுக் கணக்குப் புரிந்திருக்க நியாயமில்லை. விளக்கினேன். ஆறு வீட்டையும் விரலால் காட்டி, யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்று சொன்னேன். அவர் மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கடைசி வரை கேட்டார். பிறகு மாமாவை ஏறிட்டுப் பார்த்து, அவரே ஒன்றைக் கேட்டார்.

"வோக்காவெரோ."

அது கடைசி வீடு. அதைத் தாண்டினால் காம்பவுண்ட் சுவர்தான். மாமா எங்கே போவார் என்று நான் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தேன்.

மாமா சாமியாரின் கண்ணைப் பார்த்துச் சொன்னார். "அழைக்கிறேன்."

சுற்றிக்கொண்டு முதல் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் வாயைத் திறக்குமுன் சாமியார் என் தோளில் கை வைத்தார்.

"ஒரு வீடு தள்ளிப் போனாலும் தப்புதானம்மா" என்றார். தாத்தாவிடம் திரும்பி, "இவனுக்கு லத்தீன் வராதுங்க. நான் எழுதிப் போட்டுர்றேன்" என்றார்.

"நேந்துக்கிட்டதாச்சே சாமி" என்றார் தாத்தா.

"நீங்க குடுத்துட்டீங்க. உங்க கடன் தீந்துபோச்சு. அவரு பாத்துட்டு, இவன் வெளிய இருக்கட்டும்னு அனுப்பிட்டாரு. அதை நீங்க கேக்கக் கூடாது."

தாத்தா தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவரே வேணாம்னா நான் என்ன செய்ய" என்றார். மகனே வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவர் தாங்கியிருக்க மாட்டார். சாமியார் வாசலில் செருப்பை மாட்டும்போது மாமா குனிந்து காலைத் தொட்டார். சாமியார் அவர் காதில் ஏதோ சொன்னார். லத்தீனா தமிழா, எனக்குக் கேட்கவில்லை.

சாயங்காலம் மாமா, "ஜிகர்தண்டா குடிப்போம், வா" என்று என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போனார். கடையில் அவர் டம்ளரை வாங்கிக் குனிந்து என்னிடம் நீட்டியபோது புறங்கையை அவர் நெற்றியில் வைத்துப் பார்த்தேன்.

"என்னடி?"

"காச்சல் வந்துருச்சான்னு பாத்தேன்."

"எதுக்கு வரணும்?"

தாத்தா சொன்னதைச் சொன்னேன். மாமா டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டு என் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. என் கையை எடுத்து மறுபடியும் தன் நெற்றியில் வைத்து, மேலே தன் கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

"நல்லாப் பாரு. சுடுதா?"

"இல்ல."

"நாளைக்கும் பாரு. என்னைக்கும் பாரு."

அந்த லீவு முழுக்கப் பார்த்தேன். ஒரு நாளும் சுடவில்லை. மாமா இன்றைக்கு மோட்டார் காயில் கட்டும் கடை வைத்து நன்றாக இருக்கிறார். எப்போதாவது கடைக்குப் போனால் வேலையை விடாமலே நெற்றியை நீட்டுவார். நானும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன்.

அன்றைக்கு வீடு திரும்பும்போது மாமா ஏதோ பாட்டை முனகியபடி சைக்கிளை வேகமாக மிதித்தார். முட்டை வாங்கியவர், சாமியார் முன்னால் மானம் போனவர், இவ்வளவு கஷ்டத்தை மனசுக்குள் வைத்துக்கொண்டு எனக்காகச் சந்தோஷமாக நடிக்கிறாரே என்று எனக்குப் பாவமாக இருந்தது.

"கவலப்படாத மாமா. நான் தினமும் சொல்லித் தாரேன். அடுத்த தடவ பாஸாயிருவ" என்றேன்.

அவர் முதுகு குலுங்கியது, சைக்கிள் ஆடியது. அழுகிறார் என்று நினைத்துத் தட்டிக்கொடுத்தேன்.