பாறசாலையில் திறந்த கதவு

புது மனைவிக்குக் கப்பலைக் காட்ட வேண்டும் என்ற ஆசையில் கொழும்புக்கு உல்லாசப் பயணம் போனோம். திரும்பும்போதுதான் சோதனை. நோய்ப் பரிசோதனை என்று தூத்துக்குடித் துறைமுகத்தில் நாள்கணக்கில் அடைத்து வைத்தார்கள். பிறகு ரயில், மாட்டுவண்டி. சாப்பிட முடியாமல் துவண்டிருந்தவள், பாறசாலையை நெருங்கும்போது வாந்தியெடுக்கத் தொடங்கினாள்.

"கப்பல்ல வந்த வாந்திபேதியாக்கும் இது! எறங்குங்கோ!" என்று கத்திய வண்டிக்காரர், எங்கள் பெட்டிகளைச் சாலையில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

நெய்யாற்றின்கரையில் இருந்த எங்கள் வீட்டுக்கு இன்னும் வெகுதூரம். கொட்டும் மழை. அவளைத் தாங்கிக்கொண்டு வீடு வீடாகக் கெஞ்சினேன். விவரம் கேட்டதுமே கதவைச் சாத்தினார்கள். அவள் கண்கள் செருகின. தெருவிலேயே அவளைப் பறிகொடுத்துவிடுவேன் என்று வாய்விட்டு அழுதேன்.

ஒரு வீட்டிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். "நில்லுங்கோ, இப்ப வாறேன்" என்று உள்ளே போனாள். வரமாட்டாள் என்றே நினைத்தேன். ஆனால் அவள் தன் பிள்ளைகளைப் பின்வழியாக அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு வந்தாள்.

"எனக்கும் பேடி உண்டு, பயமாத்தான் இருக்கு. அதுக்காவ மழையில சாவ விட முடியுமா? உள்ள கொண்டு வாருங்கோ."

கஞ்சித்தண்ணீர் புகட்டினாள். பொழுது சாய்வதற்குள் மனைவி எழுந்து உட்கார்ந்தாள். வாந்திபேதி இல்லை, பட்டினியும் பயணக் களைப்பும்தான்.

எங்களுக்கு மகள் பிறந்து, அவளைக் கையில் வாங்கியபோதுதான் அந்தப் பாறசாலைத் தாய் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்கியது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் கதவைத் திறந்திருப்பேனா? இன்றுவரை ஆம் என்று சொல்ல முடியவில்லை.