பட்டாளத்து மேட்டுச் சாமி

அரசாங்கக் காகிதத்தில் சாமி என்பது ஒரு கட்டுமானம். கூரை இருந்தால் ஒரு விதி, இல்லாவிட்டால் வேறு விதி. கல்லறை என்றால் கலெக்டர் வரை போக வேண்டும். அறுபதுகளின் தொடக்கத்தில், நெய்வேலியில் சுரங்கத்துக்கு நிலம் எடுக்கும் பிரிவில் குமாஸ்தாவாக இருந்த எனக்கு இவையெல்லாம் மனப்பாடம். பட்டாளத்து மேட்டுக் கல் என்னிடம் வந்து சேர்ந்ததும் அதனால்தான். அது எந்த விதியில் அடங்கும் என்று வேறு யாருக்கும் தெரியவில்லை.

சேத்தியாத்தோப்புப் பக்கம் போகும் பழைய வண்டிப்பாதையை ஒட்டி, முந்திரி மரங்களுக்கு நடுவே ஒரு செம்மண் திட்டு. வெள்ளைக்காரப் பட்டாளம் ஒன்று அங்கே கூடாரம் அடித்திருந்ததாம். எந்தப் பட்டாளம் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை. மிச்சம் இருந்தது கொஞ்சம் செங்கல் தளமும் முழங்கால் உயரக் கல் ஒன்றும். கல்லின் தலையில் மூன்று கோடுகள் கூடிய அம்புக்குறி. மேட்டடித் தெருக்காரர்கள் அதை வேல் என்று மஞ்சள் பூசிக் கும்பிட்டார்கள். எங்கள் பெரிய இன்ஜினியர் அதைப் போர்வீரன் ஒருவனின் நினைவுக்கல் என்றார். எனக்குத் தெரிந்து அது வெள்ளைக்கார சர்க்கார் தன் சாமான்களில் போட்ட முத்திரை. பீரங்கியிலும் இருக்கும், வாளியிலும் இருக்கும். அதை அவரிடம் சொன்னேன்.

"வாளிக்கு யாராவது கல்லு நடுவானாய்யா?" என்றார்.

அவருக்குச் சரித்திரத்தில் ஆசை. கல்லை டவுன்ஷிப் கிளப் வாசலில் நடுவதென்று முடிவு செய்து, போர்டும் எழுதச் சொல்லிவிட்டார். பிளாக் நம்பர் எழுதும் பெயின்டர், 'பெயர் அறியாத வீரர் இங்கே துயில்கிறார்' என்று அழகாக எழுதிக் கொடுத்தார். கிளப் வாசலில் யாரும் துயிலவில்லையே என்று நான் சொன்ன பிறகு 'இங்கே' மட்டும் அழிக்கப்பட்டது.

கல்லை விடமாட்டேன் என்று நின்றது மேட்டடித் தெருவில் ஒரு அம்மா. அதற்கு விளக்கேற்றுவது அவர்கள் வீட்டு முறை. சுரங்கத்தில் கான்ட்ராக்ட்டில் மண் சுமந்துகொண்டிருந்தார்.

"நெலம் இருந்தவங்களுக்கு நெலத்துக்குப் பணம் வந்துது. எங்களுக்கு ஏது நெலம்? எடுத்துக்கினு போறதுக்கு இந்தச் சாமிதான் சார் இருக்குது. அதையும் கிளப்புல வச்சிட்டா, நாங்க உள்ள வந்து கும்புட வுடுவாங்களா?"

விடமாட்டார்கள். கிளப்பின் விதிகளும் எனக்கு மனப்பாடம்.

வழிபாட்டு முறையைக் கேட்டு எழுத வேண்டும் என்பது நடைமுறை. கேட்டேன்.

"படையல்?"

"பொங்கலு, சுருட்டு."

"வேண்டுதல்?"

"அதெல்லாம் இது கேக்காது. ஒண்ணே ஒண்ணுதான். கல்லத் தாண்டி ஆடு மாடு கட்டக் கூடாது. கட்டுனா ஆவாது."

"ஏன்?"

"ஏன்னு சாமிகிட்டயா சார் கேப்பாங்க?"

காரணம் சொல்லாத விதிகளோடுதான் நானும் பிழைப்பு நடத்திக்கொண்டிருந்தேன். ஆனாலும் குறுகுறுப்பு விடவில்லை. மேட்டைச் சுற்றி வந்து பார்த்தேன். பாதைப் பக்கத்து முந்திரி மரங்களில் எல்லாம் கயிறு உரசிய தழும்பு. கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு மரத்தில்கூட இல்லை.

கல்லைப் பெயர்க்கும் நாளில் இன்ஜினியர் ஜீப்பில் வந்தார். அந்தம்மா கற்பூரத்தோடு வந்தார். கடப்பாரை போட்டு நெம்பினால், மண்ணுக்குள் இருந்ததுதான் அதிகம். அந்தப் பகுதியில் இங்கிலீஷ் எழுத்து. இன்ஜினியர் குந்தி உட்கார்ந்து தன் கைக்குட்டையாலேயே மண்ணைத் துடைத்தார். சத்தமாகப் படிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். மீதியை நான் படித்தேன். 'உத்தரவு: இந்தக் கல்லைத் தாண்டிக் குதிரைகள் கட்டக் கூடாது.' வேறொன்றும் இல்லை. வீரனும் இல்லை.

"இன்னா சார் போட்டிருக்குது?" அந்தம்மாவின் குரல் இறங்கியிருந்தது. இன்ஜினியரின் முகத்தைப் பார்த்துப் பயந்திருக்க வேண்டும்.

சொன்னேன்.

"குதிர மட்டுந்தானா? மாடு போடலியா?"

"இல்லம்மா."

கொஞ்சம் யோசித்தார். "நம்ம பக்கம் குதிர ஏது சார்? அதான் மாட்டுல வந்து நின்னுடுச்சி."

"லாயத்து போர்டுய்யா இது" என்று இன்ஜினியர் கைக்குட்டையை உதறினார். "நீரே ஏதாவது பண்ணும்." ஜீப் போய்விட்டது.

பட்டாளம் போய், அதை அனுப்பிய சர்க்காரும் போய், உத்தரவை மட்டும் ஒரு தெரு காப்பாற்றி வந்திருக்கிறது, ஒரு எழுத்தும் படிக்காமல். எங்கள் ஆபீசில் போன வாரத்துச் சுற்றறிக்கைக்கு அந்த மரியாதை கிடையாது.

கல்லறை இல்லை, நினைவுச் சின்னம் இல்லை, கூரையும் இல்லை. 'உரிமை கோருவாரற்ற கல். வேண்டுவோர் எடுத்துச் செல்ல ஆட்சேபம் இல்லை' என்று குறிப்பு எழுதினேன். தெருவைக் காலி செய்து சாமான் ஏற்றிய லாரியில் அந்தம்மா கல்லை அணைத்துப் பிடித்துக்கொண்டு போனார். கிளப்புக்கு எழுதிய வீரர் போர்டைத் திருப்பி, 'புல்லின் மேல் நடக்காதீர்கள்' என்று எழுதிப் புல்வெளியில் நட்டார்கள். எல்லோரும் நடந்தார்கள்.

சில மாதம் கழித்து, வடலூர்ப் பக்கம் அவர்களுக்குக் கொடுத்த புது இடத்துக்கு ஒரு வேலையாகப் போனேன். வேப்ப மரம் ஒன்றின் பக்கத்தில் கல் நின்றது. இப்போது எழுத்து வெளியே தெரியும்படி நட்டு, அதற்கும் மஞ்சள் பூசியிருந்தார்கள். மரத்தின் மேல் சைக்கிளைச் சாய்த்ததும் அந்தம்மா ஓடி வந்தார்.

"சார், வண்டிய அந்தாண்ட வைங்க. கல்லத் தாண்டி இப்பால வந்துட்டீங்க."

"குதிரைதானம்மா கூடாது?"

"நீங்க எதுல வந்தீங்க?"

"சைக்கிள்ல."

"அப்ப உங்களுக்கு அதான குதிர?"

மேல்முறையீட்டுக்கு வழி இருப்பதாகத் தெரியவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பாதையோரம் நிறுத்தினேன்.