கண்டக்டர் கலியமூர்த்தியின் முகம்

சின்னசேலம் பஸ் நிலையத்தில் வண்டியை எடுக்க இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. எதையும் நின்ற இடத்திலிருந்தே கத்திச் சொல்கிற டைம் கீப்பர், அன்றைக்கு முன் டயர்மேல் கால் வைத்து ஏறி, என் சன்னலுக்குள் தலையை நீட்டினார். "டிரைவரே, மனச தேத்திக்கோ. கலியமூர்த்தி பூட்டாரு. விடியக்காலம் அஞ்சு மணிக்காம். காமாலைதான்." வண்டி நிறைய ஜனம். நான் "சரி" என்று மட்டும் சொன்னேன். பின்னாலிருந்து விசில் வந்தது, எடுத்தேன். கள்ளக்குறிச்சி வரைக்கும் எங்கே நிறுத்தினேன், எங்கே திரும்பினேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எல்லோரும் இறங்கிப் போன பிறகு ஸ்டியரிங்மேல் தலையைச் சாய்த்து அழுதேன். அந்த மனிதரோடு எட்டு மாதமாகப் பேசாமல் இருந்த பாவி நான்.

இந்த நினைவு மலரைப் பிரித்ததும் முதல் பக்கத்தில் அவர் பேர் மட்டும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். படம் இல்லை. அவர் கிழித்துக் கொடுத்த டிக்கெட்டில் மலையேறியவர்கள் நீங்கள். வெள்ளிமலையிலும் கரியாலூரிலும் உங்களில் பாதிப் பேர் வீட்டுச் சுவரில் தொங்குகிற ஒரே படம் அவர் எடுத்தது. அப்படிப்பட்டவருக்கு மாலை போட ஒரு படம்கூடவா இல்லை என்று காரியத்தன்று எல்லோரும் கேட்டீர்கள். இப்போது சொல்கிறேன்.

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை போகிற வண்டியில் நான் டிரைவர், அவர் கண்டக்டர். நான்கு வருடம். காலையில் மேலே போய்ச் சேர்ந்தால் ஒரு மணி நேரம் வண்டி நிற்கும். மற்ற ஜோடிகள் அந்த நேரத்தில் சீட்டில் படுத்துக் குறட்டை விடுவார்கள். கலியமூர்த்தி தகரப் பெட்டியைத் திறந்து கேமராவை எடுப்பார். மலை ஈரத்தில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து கூடவே போட்டு வைத்திருப்பார். கேமரா அவருடையது. முப்பத்தாறு படம் எடுக்கலாம் ஒரு ரோலில். பதினெட்டு அவருக்கு, பதினெட்டு எனக்கு. இதுதான் ஒப்பந்தம்.

முதல் ரோலில் என் பதினெட்டும் ஆடிப்போய் வந்தன. ஒரு மலை இரண்டு மலையாகத் தெரிந்தது. எனக்குக் கோபம் எப்போதும் மூக்குக்கு மேல். கேமராவைத் திட்டினேன், கழுவிக் கொடுத்த ஸ்டுடியோக்காரரையும் திட்டினேன். மறுநாள் நான் படமெடுப்பதைக் கலியமூர்த்தி பக்கத்தில் நின்று பார்த்தார். கை ஆடக் கூடாதென்று நான் பஸ்ஸின் பக்கவாட்டில் முதுகைச் சாய்த்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "எல்லாம் கரெக்டுதான் டிரைவரே. இன்ஜின யாரு நிறுத்துவா, ஒம் மாமனாரா?" என்றார். மலைக் குளிரில் நிறுத்தினால் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று நான் இன்ஜினை அணைப்பதே இல்லை. உதறுகிற வண்டியில் சாய்ந்துகொண்டு படம் ஏன் உதறுகிறது என்று தேடியிருக்கிறேன்! அன்றைக்கு நிறுத்தினேன். படம் நன்றாக வந்தது. வண்டியைப் பயணிகள்தான் தள்ளினார்கள், என்னைத் திட்டிக்கொண்டே.

இன்னொரு முறை பெரியார் அருவியில். முழு அருவியும் அடங்கட்டும் என்று கேமராவில் கண்ணை வைத்தபடியே பின்னால் பின்னால் போனேன். பாசி பிடித்த பாறை. சட்டைக் காலரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். "கண்ணு பொட்டிக்குள்ள இருக்கச்சே கால நவுத்தாத. கால நவுத்தணும்னா கண்ண வெளிய எடு." அருவி எவ்வளவு உயரம் என்று காட்ட வேண்டுமானால் அடியில் ஒரு ஆளை நிற்க வை, வெயில் அடிக்கிற நேரத்தில் எடுக்காதே, மேகம் மூடட்டும் என்பதெல்லாம் அந்தப் பாறையில் உட்கார்ந்து அவர் சொன்னவைதான். எனக்குப் பொறுமை கிடையாது. இன்னும் எவ்வளவு நேரம் என்று நான் துடித்தால், "வெளிச்சம் நம்ம டைமுக்கு வராது டிரைவரே. அதும் டைமுக்கு நாமதான் ஸ்டாப்பிங்ல நிக்கணும்" என்பார்.

முகம் எடுப்பதில் அவருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. பேர் கேட்காமல் எடுக்க மாட்டார். "பேரு தெரியாத படத்த யாருகிட்ட கொண்டுபோயி குடுப்ப?" கேட்ட பேரை ஒரு டிக்கெட்டின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொள்வார். ரோல் முடிந்த பத்து நாளில் பிரிண்ட் வந்துவிடும், வண்டியை நிறுத்திக் கையில் கொடுப்பார். கரியாலூரில் சாமை அறுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவை நான் உச்சி வெயிலில் எடுத்துவிட்டேன். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் குழி. அதைக் கொடுக்க விடவில்லை. மறுநாள் காலை வெயில் சாய்வாக விழுகிற நேரத்தில் வண்டியை நிறுத்தி, "யம்மா, டிரைவரு ஒன்ன பேயாட்டம் எடுத்துட்டாரு, இன்னொரு தபா நில்லு" என்றார். அந்த அம்மா சிரித்தார். அந்தச் சிரிப்புதான் இன்றைக்கும் அவர்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

தன்னை மட்டும் எடுக்க விடமாட்டார். கேமராவைத் திருப்பினாலே தகரப் பெட்டியைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். ஒரே ஒரு முறை ஏமாந்தார். வெள்ளிமலையில் தூறல் விட்ட காலை. விசிலை வாயில் கவ்வியபடி, பனி மேலே ஏறுவதைத் தலை சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். புருவத்தில் தண்ணீர் நின்றது. என் பாதியில் கடைசிப் படம் மீதி இருந்தது. அழுத்திவிட்டேன். சத்தம் கேட்டுத் திரும்பி, "இன்னாத்துக்கு பிலிம வீணாக்கற? எம் மூஞ்ச எவன் பாக்கப் போறான்?" என்றார். எனக்கும் அது வீண் என்றுதான் பட்டது. பனி இன்னும் கொஞ்சம் ஏறிய பிறகு எடுத்திருக்கலாமே என்று நினைத்தேன்.

அடுத்த வாரமே மறியல். படிப்பிலும் வேலையிலும் தங்கள் பங்கைக் கேட்டு ஜனங்கள் சாலையில் உட்கார்ந்த வருடங்கள் இவை, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மலையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தோம். கச்சிராயபாளையத்துக்கு முன்னால் சாலையின் குறுக்கே புளியமரம் வெட்டிக் கிடந்தது. திரும்பலாம் என்றால் அதற்குள் பின்னாலும் ஒன்று விழுந்துவிட்டது. பயணிகள் நடந்தே போனார்கள். வண்டியை விட்டு நாங்கள் போக முடியுமா? மூன்று நாள் அங்கேயே கிடந்தோம். மறியல் செய்த ஜனங்கள்தான் எங்களுக்கும் கூழ் ஊற்றினார்கள். "வண்டிக்கு ஒண்ணும் ஆவாதுண்ணா. நீங்க குடிங்க" என்றார்கள். மரத்தின்மேல் ஏறி நின்ற ஒருவர், "கண்டக்டர், எங்களையும் ஒண்ணு எடு, ஒலகம் பாக்கட்டும்" என்று கூப்பிட்டார். கலியமூர்த்தி தன் பாதி முழுவதையும் அவர்கள் முகங்களுக்கே செலவழித்தார். ஆனால் யாரிடமும் பேர் கேட்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "இன்னிக்கு பேரு வேணாம்" என்றார்.

மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில் சாலையைத் திறந்துவிட்டார்கள். ஜனங்கள் கலைந்து போய்விட்டார்கள். அப்போது ஒரு அதிகாரி எங்கள் வண்டிக்கு வந்தார். கண்டக்டர் படமெடுத்த சேதி யார் மூலமோ போயிருக்கிறது. "யார் யார் இருந்தாங்கன்னு அந்த பிலிம்ல இருக்கும்ல? கொடு." கலியமூர்த்தி எழுந்து நின்றார். "தாரேன் சார். இருங்க, சுத்தி எடுத்துத் தாரேன்." பிலிமை உள்ளே சுற்றிக்கொள்ளாமல் பின்கதவைத் திறக்கக் கூடாது, வெயில் பட்டால் அத்தனையும் செத்துப்போகும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். அந்த மனிதர் வண்டியிலிருந்து இறங்கி, நடு வெயிலில் நின்று, பின்கதவைத் திறந்தார். பிலிமைக் கை மாற்றி மாற்றிக் கடைசிவரை உருவினார். "ஐயையோ! தொறந்துகிச்சே சார்! எனக்கு இதெல்லாம் புதுசு சார்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். அதிகாரி ஓர் அறை விட்டார். கழுத்திலிருந்த விசில் அறுந்து தூரப் போய் விழுந்தது. அதை எடுத்து, லென்ஸைத் துடைப்பதுபோல நிதானமாகத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

அந்த நேரத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? தோளில் கை போட்டிருக்க வேண்டும். நான் செய்ததைச் சொல்கிறேன். வண்டி கிளம்பியதும் வாய்க்கு வந்தபடி பேசினேன். ஒரு வாரப் பத்திரிகையின் புகைப்படப் போட்டிக்கு அனுப்ப மூன்று மாதம் காத்திருந்து எடுத்தவை என் படங்கள். சாமைக் கதிரில் குருவி, கரியாலூர் பனி, மேகம் மூடிய அருவி. விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். "எம் பதினேழு படம்! யாரக் கேட்டுத் தொறந்த?" என்று கத்தினேன். கன்னம் வீங்கியிருந்தது அவருக்கு. "படம் மறுபடி எடுத்துக்கலாம்ப்பா. அந்த ஆளுங்க உள்ள போனா வூட்ல ஒல வைக்க நாதியில்ல. அந்தக் கூழ ரெண்டு பேருந்தான குடிச்சோம்?" என்றார். உன் சங்காத்தமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மறு வாரம் சின்னசேலம் வழித்தடத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

எட்டு மாதம். பஸ் நிலையத்தில் பார்த்தால் விசிலைத் தூக்கிக் காட்டுவார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். மார்கழியில் வேறொரு கண்டக்டர் கையில் ஒரு டிக்கெட் கொடுத்தனுப்பியிருந்தார். பின்பக்கத்தில் அவர் எழுத்து: "வெள்ளிமலையில பனி எறங்கிடிச்சி. ஏழு மணிக்கு வெளிச்சம். புது ரோல்ல ஒம் பாதி அப்படியே இருக்குது." சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். போகவில்லை. படுக்கையில் விழுந்தார் என்று கேள்விப்பட்டபோதும், கீழாநெல்லி குடித்தால் சரியாகிவிடும், எழுந்து வரட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று இருந்தேன். என்ன திமிர் எனக்கு!

காரியத்துக்கு முன்தினம் அவர் மனைவி சரசு என்னைக் கூப்பிட்டனுப்பினார். "ஏண்ணா, மலையெல்லாம் சேந்துதான சுத்தினீங்க? அவுரு படம் ஒண்ணுகூடவா ஒங்ககிட்ட இல்ல?" என்றார். வீட்டில் இருந்தது கண்டக்டர் லைசென்ஸில் ஒட்டிய படம் ஒன்றுதான். இருபத்திரண்டு வயது முகம், அதிலும் பாதிக் கன்னத்தில் அலுவலக முத்திரை. "மூஞ்சில முத்திர குத்தினத மாட்ட எனக்கு மனசு வரலண்ணா" என்று சொல்லித் தகரப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். கேமராவுக்குக் கீழே, கையால் சுருட்டி நூல் கட்டிய ஒரு பிலிம் சுருள். அன்றைக்கு வெயிலில் உருவியதேதான். "குப்பைல போடறேன்னேன். அதுல பாதி டிரைவருது, நாம எறியக் கூடாதுன்னுட்டாரு" என்றார்.

வெயில் பார்த்த பிலிமில் ஒன்றும் இருக்காது. எனக்குத் தெரியும். ஸ்டுடியோக்காரரும் அதைத்தான் சொன்னார். மனசு கேட்கவில்லை. எங்காவது ஒரு சுற்று உள்ளே மறைந்து தப்பியிருக்காதா? ஒரு விரல்கடை போதும், ஒரு புருவம் போதும் என்று அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். கழுவிக் கொடுத்தார். ஈரம் சொட்டச் சொட்ட டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்து, நுனியிலிருந்து நுனிவரை பார்த்தேன். கறுப்பு. முழுக்கக் கறுப்பு. எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆளா கலியமூர்த்தி? அந்தச் சாலையில் உட்கார்ந்திருந்த ஒருவரைக்கூட அதிலிருந்து யாராலும் அடையாளம் காட்ட முடியாது. அவர்களுக்கு நடுவில் அவரும் இருக்கிறார்.

சரசுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நான் பேசாமலிருந்ததையும் சேர்த்து. கொஞ்ச நேரம் அழுதார். பிறகு, "பேரு மட்டும் போடுங்கண்ணா" என்றார்.

அந்தக் கறுப்புப் பிலிமும் பனி இறங்கியதைச் சொன்ன டிக்கெட்டும் என்னிடம் இருக்கின்றன. கேமராவையும் கொடுத்துவிட்டார். அதில் என் பாதி அப்படியே இருக்கிறது. கலியமூர்த்தி உங்களுக்கு வெளிச்சம் சொன்னார், கால் வைக்கிற இடம் சொன்னார், பேர் கேட்கச் சொன்னார். அவர் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். மலை அங்கேயே இருக்கும், அருவி அடுத்த மழைக்கும் விழும். கூட வந்தவரை முதலில் எடுங்கள். அவர் வேண்டாம் என்பார், வீண் என்பார், கேட்காதீர்கள்.

அன்றைக்குக் கோபத்தில் தப்பாக எண்ணிவிட்டேன், கண்டக்டர். நான் எடுத்தது பதினெட்டு.