முட்டையக்கா அழித்த தழும்பு

வேலைக்கு மனுப் போட ஒரு பெரியவர் ஸ்டூடியோவுக்குப் போட்டோ எடுக்க வந்தார். சட்டைக் காலர் நைந்து நூல் தொங்கியது. அதை விரலால் மறைத்து மறைத்து உட்கார்ந்தார். உள்ளறையில் கம்ப்யூட்டர் முன் இருந்தவள் ஒன்றும் கேட்கவில்லை. படத்தில் அவருக்கு முழுசான காலர் ஒன்றை வைத்து, அச்செடுத்து, கவரில் போட்டுக் கொடுத்தாள். “முகம் நல்லா விழுந்திருக்குங்க ஐயா” என்றதோடு சரி.

அவளைத்தான் ஆலயத்தில் முட்டையக்கா என்பார்கள். ஈஸ்டருக்கு வீட்டுக்கு ஒன்றாகக் கொடுக்கும் வாழ்த்து அட்டையில் பூக்களாலான முட்டைப் படம் செய்வது அவள்தான். நிஜப் பூவையும் இலையையும் ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்த்து, மேலே கறுப்புத் துணி மூடிப் படமாக்குவாள். ஒவ்வொரு இதழின் ஓரத்தையும் மவுஸால் வெட்டியெடுத்து, லேயர் லேயராக அடுக்கி, முட்டையின் வளைவுக்கு வளைத்து, அடியில் நிழல் கொடுப்பாள். கண்ணாடியெல்லாம் மகரந்தம். “இது ஸ்டூடியோவா, பூக்கடையா?” என்பார் முதலாளி.

அந்நாளில் படத்து முகத்தில் பருவோ வடுவோ கண்டால் அவள் கை தானாகத் துடைத்துவிடும். அம்மா இறந்தபோது அடக்கத்துக்கு வைக்கும் படத்தையும் அவளே சரிசெய்தாள். அழுத கண்ணோடு, அம்மாவின் கன்னத்துத் தழும்பையும் வழித்துவிட்டாள். கொதிநீர் குழந்தைத் தம்பிமேல் கொட்டாமல் அம்மா குறுக்கே விழுந்து வாங்கிய தழும்பு அது. அவளிடம் இருந்த ஒரே படத்தின் மேலேயே சேமித்தும்விட்டாள். மீட்க வழியில்லை.

“இது யாரோ. எங்கம்மா இல்ல” என்றான் தம்பி. குழியில் மண் போட்ட கையோடு ஊருக்குப் போனவன்தான், அதோடு பேச்சு நின்றது.

அவளுக்கு வேறு யாருமில்லை. ஸ்டூடியோவுக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு தட்டு, ஒரு டம்ளர். தம்பி இன்னொரு தரம் அக்கா என்று கூப்பிட வேண்டும், கர்த்தரிடம் அவள் கேட்டது அது ஒன்றுதான்.

தம்பி போன அன்றிலிருந்து பூக்களைக்கூடத் திருத்துவதை விட்டாள். பூச்சி அரித்த இலை அரித்தபடியே முட்டையில் ஏறும்.

“முட்டையக்கா, இலைல ஓட்டை. மருந்தடிக்கலியா?” என்று சீண்டுவாள் பாடகர் குழுப் பெண்.

“இருந்துட்டுப் போகட்டும்மா. பூச்சியும் அவர் படைச்சதுதான்.”

வருஷா வருஷம் முட்டையைத் தம்பியின் போனுக்கும் அனுப்புவாள். பார்த்துவிட்டான் என்று அடையாளம் விழும், பதில் வராது. அந்த அடையாளத்தைப் பார்த்துக்கொண்டே தனியாகச் சாப்பிடுவாள்.

ஆறாவது ஈஸ்டருக்கு மறுநாள் தம்பியே ஸ்டூடியோ வாசலில் வந்து நின்றான். காதோரம் நரைத்திருந்தது.

“பெருசாக்கிப் பாத்தேன்க்கா. இலையெல்லாம் ஓட்டை.”

“ம்.”

“நீயா விட்டு வச்சது?”

“ஆமாடா. இப்பல்லாம் கேக்காம எதையும் வழிக்கிறதில்ல.”

அவன் மூக்கை உறிஞ்சினான். “அப்ப எனக்குப் போட்டோ எடுத்தா இந்தத் தொப்பையும் அப்படியேவா?”

“அதுக்கு என்கிட்ட அவ்வளவு பெரிய பேப்பர் இல்ல,” என்றாள். இருவரும் சிரித்தார்கள், சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

சாயங்கால பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். முகம் பார்த்துப் பேசியது அதுவே கடைசி. அந்த மழைக்காலத்திலேயே கர்த்தர் அவளை அழைத்துக்கொண்டார். அன்று பஸ் நகர்வதற்குமுன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“உன் வீட்ல அம்மாவோட பழைய படம் ஏதாச்சும் இருந்தா அனுப்பு தம்பி. மங்கலா இருந்தாலும் பரவால்ல. பெருசு மட்டும் பண்ணித் தர்றேன்.”