மரக்காணத்தில் அடித்த கும்மி

கணவர் இறந்த மறு வருடம், பள்ளி விடுமுறையில் தனியாக மரக்காணம் போனேன். பேருந்தில் ஜன்னலோரம் காலியாக இருந்தும் தள்ளியே உட்கார்ந்தேன். அது அவர் இடம்.

மாலையில் கடலோரக் குப்பத்து அம்மன் கோயில் திருவிழாவில் பெண்கள் கும்மியடித்தார்கள். ஒதுங்கி நின்ற என்னை ஒருத்தி கூப்பிட்டாள்.

“நான் வரக்கூடாதுங்க. வீட்டுக்காரர் தவறிட்டார்.”

“எங்க வீட்டுக்காரரும் கடலுக்குப் போனவருதான், திரும்பல. இதோ நிக்கிறாளே, இவளுக்கும் அப்பிடித்தான். பாத்துக்கினு நிக்காம ஜல்தி வாக்கா.”

இழுத்துக்கொண்டு போய் வட்டத்தில் விட்டாள். தாளம் தப்பித் தப்பித் தட்டினேன். சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

விழுப்புரம் திரும்பி வீட்டுப் பூட்டைத் திறக்கும்போதும் உள்ளங்கை எரிந்தது. சொல்வதற்கு உள்ளே யாருமில்லை. அந்த எரிச்சல் ஆறாமலே இருக்கக்கூடாதா என்றிருந்தது.